எனக்குப் பின்னால் அவிழ்ந்த பாதை

திருச்சியில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குழியைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவைச் சாயங்காலக் காற்று பிடித்து உலுக்குகிறது. படபடபட. காய்கறிப் பையோடு வந்தவள் அப்படியே நின்றுவிடுகிறேன். வலது முட்டி தானாக வளைகிறது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்று பிடரி சொல்கிறது. குழிக்குள்ளிருந்து ஓர் ஆள் நிமிர்ந்து, "என்னம்மா, ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்கிறார். இல்லையென்று தலையாட்டிவிட்டு நடக்கிறேன். அந்தச் சத்தம் என்னை மைசூருக்குத் தெற்கே ஒரு பாறைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் ஓடுகிறவள். ஐம்பதைத் தொடும் வயதில் ஓட ஆரம்பித்தவள். வேகமாக ஓடுகிறவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. காலையில் கொள்ளிடக் கரையில் எதிரே நடந்து வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், "நீங்க ஓடுறீங்களா, அவசரமா நடக்குறீங்களா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கிறார். கொள்ளிடக் கரை சப்பாத்திக்கல் மாதிரி மட்டம். அங்கே பழகிய காலை நம்பிப் போன வருஷம் மைசூர்ப் பக்கத்துக் குன்றுகளில் நடக்கும் காட்டு ஓட்டத்துக்குப் போனேன். ஐம்பது கிலோமீட்டர். தார் ரோடு கொஞ்சம், மற்றதெல்லாம் பாறை, முள், வரப்பு. பாதியைத் தாண்டியதும் முட்டி வீங்கியது. ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பின்சீட்டின் கிழிசலில் பஞ்சு பிதுங்கியிருந்தது. மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஓட்டப் பாதை தெரிவதற்காகப் புதர்களில் கட்டியிருந்த ரோஸ் நிற ரிப்பன்கள், நான் ஓடியிருக்க வேண்டிய வழியெல்லாம், ஜன்னலுக்கு வெளியே பின்னால் பின்னால் போயின. ஒவ்வொன்றும் படபடத்துக்கொண்டு போயிற்று. டிரைவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டுமென்று பாட்டுப் போட்டார். காதல் பாட்டு. அன்றைக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்தேன். திரும்பி வருவேன். இந்த வண்டியில் ஏற மாட்டேன்.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

திம்பம் மலைப்பாதையில் ஒரு லாரி வளைவின் குறுக்கே நின்றுகொண்டு, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் அடம்பிடித்தது. எங்கள் பஸ் அணைந்தது. உட்கார முடியாத உடம்பு எனக்கு. ஷூவை இறுக்கிக்கொண்டு இறங்கினேன். அடுத்த வளைவு வரைக்கும் ஓடிப் பார்க்கலாமே என்றது கால். கண்டக்டர் படியிலிருந்து கத்தினார்: "எங்கம்மா போறீங்க? சிறுத்தைக்கு டிபன் கட்டிக்கிட்டா?" பஸ்ஸே சிரித்தது. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என் ஷூவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கால்ல ஏதும் ஆப்பரேஷனா என்று மெதுவாகக் கேட்டார்.

சாமராஜநகர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் சாம்பாரில் வெல்லம் தட்டுப்பட்டது. எல்லை எங்கே என்று வரைபடத்தில் தேடுகிறவர்கள் நாக்கை நீட்டிப் பார்த்தால் போதும். காவிரி ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அரங்கனைச் சுற்றுகிறது, எங்கள் ஊரிலும் அரங்கனைச் சுற்றுகிறது. அதே தண்ணீர், அதே சாமி. சாம்பார் மட்டும் வழியில் எங்கோ மனசு மாறிவிடுகிறது. ஒரு வாய் முகம் சுளித்தேன். ரெண்டாவது கரண்டியை நானே கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை முழுக்கத் தம்பி வீட்டில். முரளி மைசூருக்கு வந்து பிள்ளை குட்டியோடு வேரூன்றிவிட்டவன். சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு லேஅவுட்டில் வீடு. மைசூரின் மறுகோடியில் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன், தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர் எடுக்கிறவன். அவன் பேச்சில் கன்னடம் கறிவேப்பிலை மாதிரி அங்கங்கே கிடக்கும்.

"சும்னே எதுக்குக்கா இதெல்லாம்? யாரு கேட்டாங்க உன்ன?" என்றான்.

"யாரும் கேக்கல. அதான் போறேன்."

"போன வருஷம் கல்யாண வீட்டுல இலைல ஒப்பட்டு, அதான் நம்ம போளி, விழுந்து, நெய் ஊத்தப் போற நேரத்துல போன் வந்துச்சு. உங்க அக்காவ ஜீப்ல கூட்டிட்டு வர்றோம்னு. நெய்யும் போச்சு, ஒப்பட்டும் போச்சு. இந்தத் தடவையும் அவசர நம்பர்னு என் நம்பரத்தான் குடுத்திருக்கியா?"

"உன்ன விட்டா யாருடா?"

"அப்ப நாளைக்கு மத்தியானம் நான் எதுவும் சாப்பிடாம போனு பக்கத்துல உக்காந்துக்கறேன், பிடு." விடு என்பது அவன் வாயில் பிடுவாகி ரொம்ப நாளாயிற்று.

பிதுக்கிய அவரைப்பருப்புக் குழம்பும் அரிசிமாவில் தட்டிய அக்கி ரொட்டியும் தட்டில் வந்தன. மார்கழி அவரை, மைசூரே அந்த மணத்தில்தான் மூச்சு விடுகிறது. ரொட்டியை விண்டுகொண்டே சொன்னேன்: "நாளைக்கு நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன் முரளி. ஜீப்பு, ஆம்புலன்ஸ், உன் ஸ்கூட்டர், எதுலயும். வீட்டு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் இந்தக் கால்தான்."

தம்பி என் காலைப் பார்த்தான். இன்னொரு ரொட்டி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பனி குன்றுகளை மூடியிருந்தது. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் இளைஞர்கள் எல்லாம் பனிக்குள் கரைந்து போனார்கள். அவர்களுடைய பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் முன்னால் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நான் மட்டும். என் மூச்சு மட்டும். அப்புறம், பின்னாலிருந்து ஒரு சத்தம். சர்ரென்று ஏதோ உருவுகிற மாதிரி.

திரும்பினேன். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, நான் இப்போதுதான் கடந்து வந்த புதரிலிருந்து ரிப்பனை அவிழ்த்துத் தோள்பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அவளோடு கண்ணாடி போட்ட, வாத்தியார் மாதிரி ஒருவர்.

இந்த ஓட்டங்களில் இப்படி ஒரு வேலை உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு பேர் வருவார்கள். ரிப்பனை எல்லாம் எடுத்துக்கொண்டே வரவேண்டும், காட்டில் ஒரு துண்டு கிடக்கக் கூடாது. இரண்டு பேர் என்பது கண்டிப்பான விதி. சிறுத்தை நடமாடும் இடம், ஒற்றை ஆளாகப் போகவிட மாட்டார்கள். இந்த வேலையைப் பார்த்தால் அடுத்த வருஷம் ஓடுவதற்குக் கட்டணம் கிடையாது. ஆக, கடைசி ஆள் நான்தான். நான் தாண்டியதும் என் பாதை அழிகிறது. திரும்பிப் போக வழியில்லாதபடி ஒருத்தி துடைத்துக்கொண்டே வருகிறாள்.

"கொஞ்சம் தள்ளி வர்றீங்களா? பின்னாலயே வந்தா பதட்டமா இருக்கு" என்றேன் எரிச்சலோடு.

"தள்ளித்தானுங்க வாரேன். நீங்கதான் நின்னுக்கறீங்" என்றாள் அவள், சிரிக்காமல்.

தமிழ்! அதுவும் கொங்குப் பேச்சு. பேர் நாகமணி, சொந்த ஊர் எல்லையோரத்து அனூர்ப் பக்கம், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்பதையெல்லாம் அடுத்த ஏற்றத்தில் தெரிந்துகொண்டேன். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் குன்று இறங்கியதும் ஓட்டக்காரர்களுக்கான சாவடி. உப்பிட்ட உருளைக்கிழங்கு, மோர், சின்னச் சின்ன வாழைப்பழம். அங்கே ஓர் ஓட்டக்காரப் பையன் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். வாத்தியார் அவனைத் தாங்கிக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார். நாகமணிக்கு மாற்று ஆள் அடுத்த சாவடியில் வருவார் என்றார்கள். அதுவரைக்கும் அவள் முன்னால் நான் இருக்கிறேனே, அது போதுமாம். ஓட்டக்காரி என்று சேர்ந்த இடத்தில் நான் பாதி காவல்காரியும் ஆனேன்.

அடுத்தது ஒரு கிராமத்துத் தார் ரோடு. ரோட்டின் அகலத்துக்கும் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் கொள்ளை உதிர்க்கும், அதுதான் இங்கே கதிரடிக்கும் முறை. நான் பதமாக ஓரத்தில் ஒதுங்கி ஓடினேன். துடைப்பத்தோடு நின்ற கிழவர் கன்னடத்தில் கத்தினார். நாகமணி மொழிபெயர்த்தாள்: "ஓரத்துல ஓடி யாருக்கென்ன பிரயோசனம், நடுவுல ஏறி ஓடச் சொல்லும்மா, நாலு கொள்ளாவது உதிரட்டும்ங்கறாருங்."

ஓடினேன். காலடியில் காய்ந்த காய்கள் சடசடத்தன. வாழ்க்கையில் முதல்முறையாக என் ஓட்டத்தால் ஒருவருக்கு லாபம்.

அதன் பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது.

புதர்க்காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கவையில் ரிப்பன் இல்லை. ஆனால் வலது பக்கம், தூரத்தில், உண்ணிச் செடிகளுக்கு நடுவே ரோஸ் நிறம் ஆடியது. போனேன். அதற்கப்பால் இன்னொன்று. இன்னொன்று. அடடா, எவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்கிறார்கள், பத்தடிக்கு ஒன்று! கால் குஷியானது. மூச்சு சீரானது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது ரிப்பன், திரும்பினேன். மறுபடி இடப்பக்கம். மறுபடியும். காற்று நன்றாக வீசியது, ரோஸ் நிறம் வரிசையாக எனக்குக் கையசைத்தது. உடம்பில் ஒரு பாட்டு ஓடியது. இரண்டாவது தடவையாக அதே ஒடிந்த வேப்பமரத்தைப் பார்த்தபோதுதான் பாட்டு நின்றது.

வயலுக்கு நடுவே ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். கன்னடத்தில் நிதானமாக ஏதோ கேட்டார். தூரத்தில் கவைப் பாதையிலிருந்து நாகமணி ஓடி வந்தாள், சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஏனுங்கக்கா! பிரதட்சணம் முடிஞ்சுதா, தேங்கா ஒடைக்கலாமான்னு கேக்குதுங்க அந்தம்மா!"

அது ரிப்பனே இல்லை. சேலை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பன்றி தோண்டாமல் இருக்க, பழைய ரோஸ் சேலையைக் கிழித்து வயலைச் சுற்றிக் கம்பு கம்பாகக் கட்டியிருந்தார்கள். காற்றில் ஆடினால் பன்றி பயந்து ஓடும். நானோ அது ஆடுவதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறேன். கவையிலிருந்த அசல் ரிப்பனை ஆடு தின்றிருந்தது. மிச்சமிருந்த முடிச்சை நாகமணி காட்டினாள்.

அந்த அம்மாள் மண்ணோடு ஒரு கிழங்கைப் பிடுங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தார். "பன்னிக்குக் குடுக்க மாட்டேன், உனக்குத் தரேன்" என்றாராம். பச்சைக் கிழங்கைக் கடித்துக்கொண்டே ஓடினேன். பால் கசிந்து உதட்டில் ஒட்டியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சாவடியில் நேரக் கெடு இருக்கிறது. மத்தியானத்துக்குள் அங்கே கால் வைக்காதவர்களை மேலே விட மாட்டார்கள். ஜீப் நிற்கும்.

நின்றது.

பள்ளிக்கூடத்து ஆலமரத்தடி, அதே ஜீப், அதே கிழிசல். டிரைவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. கதவைத் திறந்து வைத்து, "பன்னி மேடம், வாங்க" என்றார் பழைய சிநேகிதர் மாதிரி. கன்னடத்தில் பன்னி என்றால் வாங்க. எலுமிச்சைச் சாதப் பொட்டலம்கூட எடுத்து வைத்திருந்தார்.

பொறுப்பாளர் நல்ல இளைஞர்தான். என் மார்பில் குத்தியிருந்த எண்ணைக் காட்டிச் சொன்னார், பாதி கன்னடம், பாதி ஆங்கிலம், மொத்தத்தில் இது: மன்னிக்கணும் மேடம், கெடு தாண்டிவிட்டது, விதி எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் தம்பிக்குப் போன் பண்ணிவிட்டோம்.

"ஆடு தின்னதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன்.

"ஆட்டுக்கு விதி இல்லை மேடம்."

சிரிக்கத்தான் வேண்டும். சிரிக்கவில்லை. முட்டி துடித்தது. ஆலமரம், ஜீப், பொட்டலம், திறந்த கதவு. இவ்வளவு தூரம் வந்தது இந்தக் கதவுக்குத்தானா? உடம்பு மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கிழிசல் பஞ்சு பட்டு மெத்தை மாதிரி கூப்பிட்டது.

அப்போது நாகமணியின் குரல் உயர்ந்தது. அவளுக்கு வர வேண்டிய மாற்று ஆள் வரவில்லை. வண்டி பழுதாகி எங்கோ நிற்கிறாராம். பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். தனியாக அனுப்ப முடியாது. ரிப்பனை விட்டு வைக்கவும் முடியாது, நாளைக்கு மாடு தின்னும், வனத்துறை அடுத்த வருஷம் அனுமதி தராது. "நான் போய்க்கறனுங்" என்றாள் நாகமணி. "விதி, விதி" என்றார் அவர்.

விதி. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரு வேணும், அவ்வளவுதானே?" என்றேன். மார்பிலிருந்த எண்ணை ஊக்கு ஊக்காகக் கழற்றினேன். நான்காவது ஊக்கு வர மாட்டேனென்றது, துணியோடு பிய்த்தேன். அவர் கையில் வைத்தேன். "இந்தாங்க. ஓட்டக்காரி போயாச்சு. அந்த ஆரஞ்சுச் சட்டை இன்னொண்ணு குடுங்க."

"மேடம், உங்க முட்டி..."

"முட்டி ஓடறதுக்குத்தான் மக்கர் பண்ணும். ரிப்பன் எடுக்கறதுக்குப் பண்ணாது."

"ரிசல்ட்ல உங்க பேரு வராது. மெடல் கிடையாது."

"நான் கேட்டனா?"

அவர் நாகமணியைப் பார்த்தார். நாகமணி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். "இருட்டறதுக்குள்ள காட்ட உட்டு வெளிய வந்துரோணுங். வர்றதுன்னா நிக்கப்படாதுங்க்கா" என்றாள். டிரைவர் கதவைச் சாத்திய சத்தம் எனக்கு நாதஸ்வரம்.

சட்டை பெரிதாக இருந்தது, தொடை வரைக்கும் தொங்கியது. நாங்கள் கிளம்பினோம்.

ரிப்பன் அவிழ்ப்பது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். முதல் ரிப்பனைப் பிய்த்துப் பையில் போட்டதுமே அதட்டல் விழுந்தது: "முடிச்சு? முடிச்ச ஆரு எடுக்கறது? அதத்தானுங்க மாடு திங்கறது." உண்ணிப் புதருக்குள் கையை விட்டு, முள் கீறக் கீற, நகத்தால் முடிச்சை நெம்பினேன். காலையில் கட்டியவன் நாளைக்கும் இருக்க வேண்டுமென்று கட்டியிருக்கிறான். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. காலையெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டு நான் பயந்த அந்தச் சர்ரென்ற சத்தம் இப்போது என் விரலிலிருந்து வந்தது. கால் வலித்ததா? வலித்தது. ஆனால் அடுத்த ரிப்பன் பதினைந்து அடியில் ஆடுகிறது. அதுவரைக்கும் போனால் போதும். அங்கே போனதும் அடுத்தது.

"உனக்கு இந்த ஓட்டம் எப்படிப் பிடிச்சுது?" என்று கேட்டேன், ஒரு பாறையில் உட்கார்ந்து வழுக்கி இறங்கும்போது.

"கம்பெனில நாள் பூராவும் ஒரே எடத்துல நிக்கோணுங். வர்ற சாமானத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு. கால் ரெண்டும் வீங்கிக்கும். ஓடுனா வத்துதுங். அவ்வளவுதான்." பை நாடாவைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "எங்க லைன் வீட்டுல ஒருத்தி கேப்பா, எந்த நாய் தொரத்துச்சுன்னு தெனமும் ஓடறேன்னு. உன் வாய்தான்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் கேக்கறதில்லீங்."

நான் சிரித்த சிரிப்பில் ஒரு கவுதாரி பறந்தது.

காடு முடியும் இடத்தில் ரோடு குறுக்கிடுகிறது. ஜீப் அங்கே நின்றது. எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்ததாம். தண்ணீர் குடித்தேன். வெயில் சாய்ந்து பாறைகள் பழுத்திருந்தன. முட்டி இப்போது என்னுடையதாகவே இல்லை, யாரோ கொடுத்து வைத்த சாமான் மாதிரி கனத்தது. டிரைவர் கதவை மட்டும் கொஞ்சமாகத் திறந்து வைத்தார். ஒரு சாண் அளவுக்கு. அந்த ஒரு சாண் இடைவெளியை நான் பார்த்தேன். நாகமணி பார்க்காத மாதிரி பை நாடாவை இறுக்கினாள்.

"அடுத்த ரிப்பன் எங்க இருக்கு?" என்றேன்.

"அதோ, அந்தப் புளியமரத்துலீங்."

போனோம்.

முடிவிடத்தில் ஒன்றுமே இல்லை. பந்தலைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றடைத்த வளைவு காற்றுப் போய் லாரியில் கிடந்தது. காலையில் இருந்த ஜனம், மேளம், மைக் எதுவும் இல்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும், அதுவும் செருப்புகள் மிதித்துப் பாதி அழிந்து. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, ஒரு கம்பத்தில், கடைசி ரிப்பன். நாகமணி கையை இழுத்துக்கொண்டாள். "எடுங்க்கா" என்றாள். முடிச்சோடு எடுத்தேன். கோட்டைத் தாண்டினேன். பந்தல்காரர் ஒருவர், காலைத் தூக்குங்க, படுதா சுருட்டணும் என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. எனக்கு அது போதும்.

முரளி ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். முகத்தில் மத்தியானப் பட்டினி தெரிந்தது.

"உன்ன ஜீப்ல அனுப்பறோம்னு போன் வந்துச்சு. வந்த ஜீப்பு ஒவ்வொண்ணுலயும் நான் தேடறேன். நீ மலையிலேர்ந்து குப்பை பொறுக்கிட்டு எறங்கற!" ஸ்கூட்டர் சீட்டைத் தட்டிக் காட்டினான். "சரி, ஆயிடுச்சுல்ல. ஸ்கூட்டர்ல ஏறு."

"நேத்து என்ன சொன்னேன்?"

"அக்கா, வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர்."

"நீ ஸ்கூட்டரத் தள்ளிட்டு வா. உனக்கும் பசிக்கும்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

ஜீப் நாகமணியை ஹெப்பாளில் இறக்கிவிடக் கிளம்பத் தயாராக நின்றது. காலையில் அவளுக்கு ஷிஃப்ட். பின்சீட்டில், அந்தக் கிழிசல் மேல், ரிப்பன் பைகளுக்கு நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, அடுத்த வருசம் எங்கூட வர்றீங்ளா, எம் முன்னால ஓடறீங்ளா?"

"முன்னாலதான் ஓடுவேன். நீ முடிச்செல்லாம் மெதுவா அவுத்துட்டு வா!"